அப்பா ஏன் யாழ்ப்பாணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை?

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 65 வயது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய், ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பினார். ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலர் வேலை, அதிலிருந்தும் நின்றாயிற்று. போன வருடம் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு அப்பா இரவில் தூக்கத்திலேயே கத்துகிறார், காலை உதைக்கிறார். ஒருநாள் கை சுவரில் மோதி வீங்கிவிட்டது. மிலிட்டரி கேன்டீன் ரம் முன்பெல்லாம் சனிக்கிழமைக்கு மட்டும், இப்போது தினமும். தீபாவளியன்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வது மட்டும் புதிதில்லை, மகள் சிறு வயதிலிருந்து பார்த்து வருவது.

"யாழ்ப்பாணத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் எங்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருக்கிறார். செக்போஸ்ட்டில் நிற்கும்போது ஒரு பாட்டி, 'தம்பி எந்த இடம்?' என்று கேட்டாராம். 'வேலூர்' என்று இவர் சொன்னாராம். அதோடு சரி. பாட்டி அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆனால் வருடாவருடம் பழைய சிநேகிதர்கள் கூடும்போது இந்தியில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிக்கிறார். மண்டபத்து வாசலில் நின்று நானே கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் நாங்கள் அவருக்கு யார்?"

சென்னையில் படிக்கும் பேரன் பொங்கல் லீவில் வந்தபோது, தாத்தாவின் அனுபவத்தை போனில் பதிவு செய்யலாமே என்று எதிரே உட்கார்ந்திருக்கிறான். ரெண்டு கேள்வி ஒழுங்காகப் போனது. மூன்றாவதாக, "தாத்தா, நீங்க நம்ம ஆளுங்களையே சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இதற்கு நடுவில் வாசகியின் தம்பி, அப்பா கதை விடுகிறார் என்கிறார். சிநேகிதர் செத்துப்போன இடத்தை ஒருமுறை கோப்பாய் என்றாராம், இன்னொருமுறை உரும்பிராய் என்றாராம்.

மனதில் இருப்பதையெல்லாம் கொட்ட வைத்தால் சரியாகிவிடுவாரா, மனநல மருத்துவரிடம் போனால் பென்ஷனுக்கு ஆபத்தா, வெளியே சொன்னால் ரகசியச் சட்டத்தில் மாட்டுவாரா, அங்கே அவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை பிள்ளைகளுக்கு இல்லையா: இவை கேள்விகள். கடிதத்தின் கடைசிக்கு முந்தைய பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: "வங்கி வேலைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய டபுள் பேரல் துப்பாக்கி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைப்பார்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தத் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறேன்.

துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம்

மனைவியை இழந்து ஒரு வருடம் ஆன, அறுபது தாண்டிய ஆண். தினமும் குடி. தூக்கம் இல்லை. பேரனோடு மனக்கசப்பு. வேலை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில், அவருக்கு நன்றாகக் கையாளத் தெரிந்த ஓர் ஆயுதம். அப்பா ஏதாவது செய்துகொள்வார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அதற்கான பேச்சு எதுவும் இல்லை. ஆனால் தற்கொலை எண்ணம் பல சமயம் சில நிமிடங்களுக்கு உக்கிரமாக வந்து அடங்குவது. அந்த நிமிடங்களில் துப்பாக்கி வீட்டில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவர் தூங்கும்போது எடுத்து மறைத்துவிடாதீர்கள். ஒரு சிப்பாயின் ஆயுதத்தை அவருக்குத் தெரியாமல் எடுப்பது பெரிய அவமானம், அந்தக் காயம் ஆறாது. "வேலைதான் விட்டாச்சேப்பா, குழந்தைங்க வந்து போற வீடு, ஸ்டேஷன்ல குடுத்து வைக்கலாமே" என்று நேராகச் சொல்லுங்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் சமயத்தில் ஒப்படைத்துப் பழகியவராகத்தான் இருப்பார், அதனால் இது அவருக்குப் புதிய வேலை இல்லை. நீங்கள் சொல்லிக் கேட்காவிட்டால், அந்த மண்டபத்துச் சிநேகிதர்களில் அவர் மதிக்கும் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை தோட்டாக்களையாவது முதலில் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். "அம்மா போனப்புறம், இருந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதாப்பா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பெரும்பாலோருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகிறது. பதில் உங்களைப் பயமுறுத்தினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி நேரமென்றால் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் அது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள்.

கத்துவதெல்லாம் போர்க்கனவு என்று முடிவு கட்டாதீர்கள்

அப்பா தூக்கத்தில் கத்துவதையும் உதைப்பதையும் பார்த்து, "யாழ்ப்பாணம் திரும்பி வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். போரிலிருந்து வந்து முப்பது நாற்பது வருடம் குடும்பம், வேலை, பிள்ளைகள் என்று ஓடியவர்களுக்கு, வேலை நின்று துணையும் போன வயதில் பழையவை மேலே வருவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். ஓடிக்கொண்டிருந்தவரை அவற்றுக்கு நேரம் இல்லை. இப்போது நேரம் மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு வேறொரு கோளாறும் வரும். சாதாரணமாகக் கனவு காணும்போது உடம்பின் தசைகள் தளர்ந்து அசையாமல் கிடக்கும். அந்தக் கட்டுப்பாடு கெட்டுப்போனால் கனவில் ஓடுகிறவர் கட்டிலில் ஓடுவார், கனவில் அடிக்கிறவர் சுவரில் அடிப்பார். உங்கள் அப்பாவின் வீங்கிய கை அதைத்தான் எனக்கு முதலில் நினைவூட்டியது. இது சிலருக்குப் பல வருடங்களுக்குப் பிறகு வரக்கூடிய பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதை அதிகப்படுத்தவும் செய்யும். ஆகவே மருத்துவரிடம் "கெட்ட கனவு வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு வருகிறது, கண் மூடியிருக்கிறதா, எழுப்பினால் உடனே தெளிகிறாரா, என்ன சொல்லிக் கத்துகிறார் என்று கவனித்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு இரவு போனில் எடுத்து, அவருக்கும் காட்டிவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

காதையும் சோதியுங்கள். "பாதி நேரம் நாம் கேட்பதற்குப் பதிலே வராது, டிவியை மட்டும் அலற வைப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒதுங்கிப்போவதன் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கும் மேலாகத் துப்பாக்கிச் சத்தத்தோடு இருந்தவருக்கு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பெண்கள், குழந்தைகளின் பேச்சு தெளிவாக விழாது. காது கேட்காத மனிதரும் பேச விரும்பாத மனிதரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

ரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படுத்ததும் தூங்க வைக்கும்; பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, கனவுகளை உக்கிரமாக்கும். அதற்காக, பாட்டிலை ஒளித்து வைத்து ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தினம் குடித்துப் பழகிய உடம்பில் திடீர் நிறுத்தம் வலிப்பையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரலாம். குறைப்பதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

சிநேகிதர்களிடம் சிரிப்பு, உங்களிடம் மௌனம்

உங்கள் கடிதத்தில் மை அதிகம் செலவானது இங்கேதான் என்று தோன்றுகிறது. "நாங்கள் அவருக்கு யார்?" என்ற கேள்வியின் வலி புரிகிறது. ஆனால் மண்டப வாசலில் நின்று நீங்கள் கேட்டது எதை என்று யோசித்துப் பாருங்கள். பட்டாளத்துக்காரர்கள் கூடும் இடத்தில் வலம் வருவன பெரும்பாலும் கெட்டிப்பட்ட கதைகள். சுபேதார் சாகிப் பனங்காட்டுப் பள்ளத்தில் விழுந்தது, லங்கரில் (பட்டாளத்துச் சமையற்கூடத்தில்) உப்புக்குப் பதில் எதையோ போட்டது, லீவு முடிந்து லேட்டாக வந்தவன் சொன்ன பொய். வருடாவருடம் அதே கதை, அதே இடத்தில் சிரிப்பு. அவர்கள் போரைப் பற்றி ஒருவருக்கொருவர் அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அங்கே கிடைக்கும் நிம்மதி. உங்களுக்குக் கிடைக்காத ஏதோ அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அதோடு, அந்தச் சிரிப்பு இந்தியில் நடக்கிறது. அந்தப் பாட்டியோ அவரிடம் தமிழில் பேசினார். யாழ்ப்பாணத்தில் தமிழ் தெரிந்த சிப்பாயின் நிலைமை அவரோடு நின்ற மற்றவர்களுடையது போன்றதல்ல. சோதனைச் சாவடியில், வீடு சோதனைபோடும்போது, ஆளைப் பிடித்து விசாரிக்கும்போது, "என்ன சொல்றான் கேளு" என்று முன்னே தள்ளப்படுகிறவர் அவர். பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்கும் கூர்க்காவுக்கும் வெறும் அழுகைச் சத்தமாகப் போனது, அவர் காதில் சொற்களாக விழுந்திருக்கும். கெஞ்சல், வசவு, சாபம், "நீயும் தமிழன்தானே" என்ற கேள்வி, எல்லாம். அதைக் கூட இருந்தவர்களிடம் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஊருக்கு வந்து சொல்லியிருந்தால் ரொம்பவே புரிந்திருக்கும். அப்பா மாட்டிக்கொண்ட இடம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். பாட்டி சொன்ன பதிலை அவர் இன்னும் வைத்திருக்கிறார், மறக்கவில்லை.

ஊர் அவரை எப்படி எதிர்கொண்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது, தமிழர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. 12ஆம் தேதி அதிகாலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் செத்தார்கள். அந்த 21ஆம் தேதி தீபாவளி. அறைக்கதவு சாத்தப்படுவதற்குப் பட்டாசுச் சத்தம் மட்டும் காரணமா, அந்த நாளும் காரணமா என்பது எனக்குத் தெரியாது. அவர் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருந்தார் என்பதும் தெரியாது. நீங்களும் அவசரப்பட்டு முடிச்சுப் போட வேண்டாம்.

கடைசி அணி 1990 மார்ச் 24இல் திரிகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைக்கு வந்து இறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் நடந்ததை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டில் பலருக்கு அது நியாயமாகவே பட்டது. அடுத்த வருடம் மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், ஈழம் என்ற பேச்சையே எடுக்க ஊர் பயந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு கோபம் திரும்பியது. டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த முன்னாள் சிப்பாய் எந்த வருடத்தில், யாரிடம் வாய் திறந்திருக்க முடியும்? 1999 கார்கில் வீரர்களுக்கு ஊரெல்லாம் தட்டி வைத்தார்கள். அமைதிப்படையில் ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். அவர்கள் பெயர்களை முழுதாகப் பொறித்து முதலில் நினைவிடம் எழுந்தது கொழும்புக்குப் பக்கத்தில். பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் இயல்பிலேயே அழுத்தக்காரர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி வருகிறது. அழுத்தக்காரர்களாக இருக்கலாம்தான். கேட்க ஆள் இல்லாததும் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு.

கொட்ட வைக்கலாமா?

வேண்டாம். "மனசுல இருக்கறத ஒருநாள் முழுசா கொட்டிட்டா லேசாயிடும்" என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை, சினிமாவும் அதற்கு உரம் போட்டிருக்கிறது. ஆபத்தில் சிக்கியவர்களை உடனே உட்கார வைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறையை உலகம் முழுக்க ஒரு காலத்தில் செய்து பார்த்தார்கள். ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில் அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தொல்லையைக் கூட்டவும் செய்தது. பயிற்சி பெற்றவர் செய்யும் சிகிச்சையிலும் நோயாளி அந்தச் சம்பவங்களைப் பேசத்தான் செய்கிறார். ஆனால் தூக்கமும் குடியும் ஓரளவு கட்டுக்குள் வந்தபின், அவர் தேர்ந்தெடுத்த ஒரு சம்பவத்தை, அவர் நிறுத்து என்றால் நிறுத்தும் ஏற்பாட்டோடு, வாரக்கணக்கில். வீட்டுக் கூடத்தில் மகன், மகள், பேரன் சூழ உட்கார்ந்து செய்கிற காரியம் அல்ல அது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாகாயத்திலேயே சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அப்பாவிடம் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டி, காது, நரம்பியல், மனநலம் மூன்றுக்கும் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு ரெஃபரல் வாங்குங்கள். காதிலிருந்து தொடங்கினால் அப்பா முரண்டு பிடிக்கமாட்டார் என்பது என் அனுபவம். எல்லாரும் அங்கேதான் சம்மதிக்கிறார்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது வேறு. சண்டையைக் கேட்காமல், சண்டையைச் சுற்றியிருந்த வாழ்க்கையைக் கேளுங்கள். பருப்பும் ரொட்டியும் எத்தனை நாள் சாப்பிட்டீங்க, அரிசி எப்போது கிடைத்தது, அம்மாவின் இன்லேண்டு லெட்டர் எத்தனை நாளில் வந்து சேரும், எழுதத் தெரியாதவர்களுக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள், அங்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி, என்று. அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதங்கள் இருந்தால் எடுத்து அவர் கையில் கொடுங்கள், நீங்கள் படிக்காமல். அவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போவார், அல்லது போகமாட்டார். ரெண்டும் சரி.

கோப்பாயா, உரும்பிராயா?

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்கப் படையினரிடம், திரும்பிய ஒரு மாதத்தில் ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றில் எதெல்லாம் உங்களுக்கு நடந்தது என்று கேட்டார்கள். ரெண்டு வருடம் கழித்து அதே பட்டியலை அதே ஆட்களிடம் நீட்டினார்கள். 88 சதவீதம் பேர் ஒரு பதிலையாவது மாற்றிச் சொன்னார்கள். ரெண்டே வருடத்தில், சக வீரன் சாவதைப் பார்த்தாயா என்பது போன்ற கேள்விகளுக்கு. உங்கள் அப்பாவுக்கு ஆகியிருப்பது 38 வருடம். கோப்பாயும் உரும்பிராயும் அடுத்தடுத்த ஊர்கள். சண்டை நடக்கும்போது ஊர்ப்பலகை பார்த்துக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. பல சிப்பாய்களுக்கு இடத்தின் பெயரே பிற்பாடு, சிநேகிதர்கள் கூடிப் பேசும்போது தெரிய வந்ததுதான். அப்படிப் பேசும்போது ஒருவர் பார்த்தது மற்றவர் நினைவில் குடியேறுவதும் உண்டு. தானே பார்த்ததாக அவர் மனதார நம்புவார். இதற்குப் பொய் என்று பெயர் இல்லை. சிநேகிதர் செத்தது உண்மை. அது இவரை இன்னும் விடவில்லை என்பதும் உண்மை. தம்பிக்கு இடம் எதுவென்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் அதை அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தெரிந்துகொள்ளட்டும். டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் அமைதிப்படையில் இறந்தவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சிநேகிதரின் பெயரை அங்கே பார்க்க அப்பாவுக்கு விருப்பம் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்கலாம்.

பேரன் கேட்டது தவறா?

இல்லை. கேள்வி நியாயமானது, கேட்ட நேரம்தான் தவறு. யாழ்ப்பாணத்தில் வீட்டாரைப் பறிகொடுத்த ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு சிப்பாயின் தூக்கத்துக்கு இத்தனை பத்தியா என்று அவருக்குத் தோன்றும். தோன்றுவதில் பிழையே இல்லை. அந்தக் கணக்கு தீராமல்தான் இருக்கிறது. நான் அதை இங்கே சமன் செய்ய முயலவில்லை.

தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா என்று கேட்டீர்கள். கேட்க உரிமை உண்டு. பதிலை வாங்கியே தீரும் உரிமை இல்லை. கேட்பதற்கு முன்னால் நீங்கள் மூவரும் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: "ஆமாம், சுட்டேன்" என்று அவர் சொன்னால், யாரை என்றும் சொன்னால், அன்று சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்களா? இதற்கு உங்களிடம் பதில் இல்லாதவரை கேள்வியை எடுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் நடக்கும். அவர் வாய் திறந்த மறுகணமே, "நீங்க என்னப்பா பண்ணுவீங்க, ஆர்டர் போட்டாங்க" என்று சமாதானம் சொல்லத் தோன்றும். அன்பில் சொல்வதுதான். ஆனால் குற்ற உணர்ச்சியோடு பேச வந்தவருக்கு, "அதைப் பற்றி மேலே பேசாதே" என்றுதான் அது கேட்கும். பயத்தில் வரும் நோயும், செய்ததையோ தடுக்க முடியாததையோ நினைத்து வரும் வேதனையும் ஒன்றல்ல. ரெண்டாவதை மாத்திரையால் முழுக்கக் கரைக்க முடியாது. கரைக்க வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தீர்ப்பும் சொல்லாமல் விடுதலையும் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள் போதும். அது பேரனாகவும் இருக்கலாம். முதலில் அவன் தாத்தாவுக்கு போன் செய்து, "கேட்டது சரிதான் தாத்தா, ஆனா ரெக்கார்டிங் போட்டுட்டுக் கேட்டிருக்கக் கூடாது" என்று சொல்லட்டும். மறுபடி பதிவு செய்வதாக இருந்தால் போன் தாத்தா கையில் இருக்கட்டும், அழிக்கும் உரிமையும் அவருக்கே. வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்குக்கூட அவர் சொல்லாமல் போகக் கூடாது.

பென்ஷனும் சட்டமும்

மனநல மருத்துவரைப் பார்த்ததற்காகப் பென்ஷன் நிற்காது, குறையாது. சிகிச்சை விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பணிக்காலத்தால் வந்த நோய்க்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கோர வழி உண்டு. ஆனால் இத்தனை வருடம் கழித்துப் பணிக்கும் நோய்க்கும் தொடர்பு காட்டுவது எளிதல்ல. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், தேவைப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வாதாடும் வழக்கறிஞரைப் பாருங்கள். சிகிச்சையை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

1923 அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தைப் பற்றித் தம்பி பயமுறுத்தியிருக்கிறார். அது முக்கியமாக ராணுவத் திட்டங்கள், வரைபடங்கள், சங்கேதங்கள் போன்றவற்றுக்கானது. ஒரு ஹவில்தார் தன் மகளிடம் பாட்டியைப் பற்றிச் சொல்வதைத் தடுக்க வந்ததல்ல. அமைதிப்படைக்குத் தலைமை வகித்த தளபதிகளே ஓய்வுக்குப் பின் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். யூடியூபில் ஏற்றி, உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் இன்னது செய்தார் என்பது வேறு விஷயம். அதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தக் கடிதம் எழுதியதை அப்பாவிடம் சொல்லலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். வெளிவந்த பிறகு யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதைவிட, நீங்களே இன்றைக்குச் சொல்வது நல்லது. படித்துக் காட்டச் சொன்னால் படித்துக் காட்டுங்கள், துப்பாக்கி பற்றிய பகுதியையும் விடாமல். கோபப்பட்டால் படட்டும். காது மருத்துவரிடம் வாங்கிய டோக்கன் தேதியை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.